நான் கழுவாத குளியலறைகள்

முப்பத்தொரு வருடப் பணியில் நானூற்றுப் பன்னிரண்டு குளியலறைகளுக்கு வரைபடம் போட்டிருக்கிறேன். எண்ணிக்கையில் பிழை இருக்காது. ஒவ்வொன்றும் வரிசை எண்ணோடு என் நாட்குறிப்பில் இருக்கிறது. அவற்றில் முதல் முந்நூற்று எழுபத்தொன்றை வரைந்து முடிக்கும்வரை நான் ஒரு குளியலறையைக்கூடத் தேய்த்துக் கழுவியது கிடையாது. என் வீட்டுக் குளியலறையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ஓசூரில் என் பழைய அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும், வியாழக்கிழமைதோறும் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்து அங்கே போய்விடுகிறேன். இளநிலைப் பொறியாளராக இருக்கும் ஹரிதா தன் கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் போதுமாம். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு குளியலறையை வரைந்து, டைல்ஸ் ஒட்டி, குழாயில் வெளிச்சம் பளபளப்பது வரை காட்டிவிடுகிறது.

“நல்லாருக்கும்மா. இதை யாரு கழுவுவாங்க?” என்றேன்.

“அது சாஃப்ட்வேர்ல வராது சார். அதான் உங்களக் கேக்கறேன். சின்ன பாத்ரூம்னா நீங்கதான் எக்ஸ்பர்ட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க. சுலபமா கழுவற மாதிரி எப்படி போடறதுன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. நம்ம குரூப்ல போட்டுடறேன்.”

எக்ஸ்பர்ட் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எப்படி எக்ஸ்பர்ட் ஆனேன் என்பதை ஆரம்பம் முதல் அறிந்தவர்களில் என் மனைவி வசந்தாவும் ஒருத்தி. அவள் பக்கத்தில் இருந்திருந்தால் ஹரிதாவிடம் நாற்காலி கேட்டு உட்கார்ந்து சிரித்திருப்பாள். இரண்டு பக்கத்தில் முடியாது, ஆனாலும் எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் சீக்கிரம் சொல்லிவிடலாம். அதில் குளியலறை வரவே இல்லை. நாகரசம்பட்டியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். பாலம் படித்தேன், அணை படித்தேன். பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் இரண்டு வருடம் கல்லை அளந்துகொண்டிருந்தேன். பிறகு ஓசூரில் வீடு கட்டித் தரும் இந்த அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்தேன். முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ஒரு கழிவறை. ‘அணை கட்டப் படித்தவன் கக்கூஸில் தொடங்கினேன்’ என்று அன்றைய குறிப்பில் கொஞ்சம் கசப்பாக எழுதியிருக்கிறேன். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது.

எங்கள் தலைமைப் பொறியாளர் நஞ்சுண்டப்பா. தாய்மொழி கன்னடம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். மேஸ்திரிகளிடம் தெலுங்கு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு வரைபடம் பிடிக்கவில்லை என்றால் அதை நான்காக மடித்து டீ டம்ளருக்கு அடியில் வைத்துக்கொள்வார். நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, எடுத்து நம்மிடம் நீட்டுவார். நடுவில் பழுப்பாக ஒரு வட்டம் இருக்கும். காரணம் சொல்ல மாட்டார். என் முதல் வருடத்து வரைபடங்களில் கோடுகளைவிட டீ வட்டங்கள்தான் தெளிவாக இருந்தன.

சிறிய குளியலறைக்கென்று அவர் ஒரு வழிமுறை வைத்திருந்தார். தாளில் வரைந்ததை அப்படியே முழு அளவில் மொட்டைமாடித் தரையில் சாக்குக்கட்டியால் வரைய வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி என்றால் ஐந்தடிக்கு ஏழடி. கதவு வரும் இடத்தில் கோடு போடாமல் இடைவெளி விட வேண்டும். கமோடுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, குழாய்க்கு ஒரு செங்கல். வாளியும் மக்கும் மட்டும் நிஜம். பிறகு வீட்டுக்காரர்களை வரவழைத்து, கதவு வழியாக உள்ளே விட்டு, குளித்துக் காட்டச் சொல்வார். தண்ணீர் இல்லாத குளியல். துணியை எங்கே மாட்டுகிறார்கள், சோப்புக்கு எந்தக் கை நீளுகிறது, குனிந்தால் பின்புறம் எதில் இடிக்கிறது என்று நான் டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர்கள் கூச்சப்பட்டால் அவருக்குக் கவலையே இல்லை. “நம்மாளு மாடி தோரிஸ்தாரெ, நோடி,” என்று என்னைப் பிடித்துக் கோட்டுக்குள் தள்ளிவிடுவார். நம் ஆள் செய்து காட்டுவார், பாருங்கள் என்று பொருள். முழுக்கை சட்டை, பையில் இரண்டு பேனா, மெருகேற்றிய ஷூ. இந்தக் கோலத்தில் நான் பதினோரு மணி வெயிலில் குந்தி உட்கார்ந்து, காலி மக்கால் தலையில் மொண்டு ஊற்றிக்கொள்வேன். பக்கத்து லேத் பட்டறை ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“சார், முதுகு தேய்க்க மறந்துட்டீங்க!” என்று ஒருவன் கத்துவான்.

“காது பின்னால அழுக்கு அப்படியே இருக்குது சார்!” என்பான் இன்னொருவன்.

வீடு முடிந்ததும் நஞ்சுண்டப்பா மஞ்சள் தூள் கலந்த தண்ணீரை ஒரு சொம்பு கொண்டுவரச் சொல்லி, குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். எங்கே மஞ்சள் தேங்குகிறதோ அங்கே மேஸ்திரி மறுபடி பெயர்க்க வேண்டும். நான் நேரம் குறித்துக்கொள்வேன். இந்த இரண்டு சோதனையிலும் தேறிவிட்டால் உலகில் எந்தக் குடும்பமும் அதில் சுகமாகக் குளிக்கலாம் என்பது எங்கள் நம்பிக்கை. இருபத்தெட்டு வருடம் நான் இப்படி மொட்டைமாடியில் குளித்தேன். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட அந்தச் சாக்குக்கோட்டுக்குள் நின்று கழுவிக் காட்டியதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

வரிசை எண் 371, ஸ்டெல்லாவின் வீடு. எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையில் மின்னணுப் பொருள்களைப் பொருத்தும் ஒரு கம்பெனியில் அவள் லைனில் வேலை பார்த்தாள். எப்போதும் முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் ஐந்து இருபதுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். கணவர் லூர்து லேத் ஆபரேட்டராக இருந்தவர். சர்க்கரையில் வலது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள். நான்கு பேருக்கும் ஒரே குளியலறை, ஐந்துக்கு ஏழு. அதில் லூர்து ஒரு முறை வழுக்கி விழுந்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், கம்பெனி சீருடையோடு ஸ்டெல்லா அலுவலகத்துக்கு வந்தாள்.

“காலைல அவர உக்கார வெச்சுக் குளிப்பாட்டணும். அப்புறம் வழுக்காம தரையைத் தேச்சு வுடணும். நான் கெளம்பறதுக்குள்ள பஸ்ஸு போயிடுது சார். இந்த மாசத்துல மூணு வாட்டி வுட்டுட்டேன். வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க. இன்னும் ரெண்டு வாட்டி லேட்டு ஆனா, நின்னுக்கம்மான்னுடுவாங்க. வூட்ல என் சம்பளம் ஒண்ணுதான்.”

“அவரே குளிச்சுக்கற மாதிரி இருக்கணும். அதானே?”

“அவரு குளிக்கணும், நான் பஸ்ஸப் புடிக்கணும். அவ்ளோதான் சார்.”

இவ்வளவு துல்லியமாகத் தேவையைச் சொன்ன வாடிக்கையாளர் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைத்ததில்லை. அவள் சொன்னதை அப்படியே நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடும் போட்டேன். முதல் பாதிக்கு மட்டும்தான் போட்டிருக்கிறேன் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு மொட்டைமாடிச் சோதனை. எங்கள் அலுவலகத்தில் எப்போதும் அந்த நேரம்தான். அந்த நேரத்தில் ஸ்டெல்லா லைனில் நின்றுகொண்டிருப்பாள். ஆகவே லூர்து மட்டும் ஆட்டோவில் வந்தார், கையில் ஊன்றுகோலோடு. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. அவரும் அளவில் வாழ்ந்தவர்.

“பதினெட்டு வருஷம் லேத்துல நின்னவன் சார். ஒரு நூல் தப்புனாலும் எனக்குக் கண்ணு உறுத்தும்,” என்றார்.

கோட்டுக்குள் நுழைந்தார், ஸ்டூலில் உட்கார்ந்தார், மக்கை எடுத்தார், முதுகுகூட மறக்காமல் தேய்த்தார். பட்டறைக்காரர்கள் கைதட்டினார்கள். கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வேண்டும் என்பதை நாங்கள் இருவரும் அரை அங்குலம் வரை விவாதித்தோம். தண்ணீர் கமோடு பக்கம் வராமல் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன் அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு சின்ன வரப்பு, சோப்பும் எண்ணெயும் வைக்கச் சுவருக்குள் மூன்று தட்டு மாடம், வழுக்காமல் இருக்கக் கடையிலேயே மிகச் சொரசொரப்பான டைல்ஸ். வாழ்நாளில் பிரஷ் பிடித்திராத இரண்டு ஆண்கள் வெகு மகிழ்ச்சியாக ஒரு குளியலறையைத் தீர்மானித்தோம். ‘வாடிக்கையாளருக்கு முழுத் திருப்தி’ என்று எழுதிக்கொண்டேன்.

முனிராஜ் மேஸ்திரி மூன்று வாரத்தில் வேலையை முடித்தார். மஞ்சள் தண்ணீர் நான்கு நிமிடத்தில் வடிந்தது. நஞ்சுண்டப்பா வரைபடத்தின் மேல் டம்ளரை வைக்கவே இல்லை. அலுவலக ஆல்பத்துக்காக நான் பதினான்கு புகைப்படங்கள் எடுத்தேன். கண்ணாடியில் என் பிம்பம் விழாதபடி ஒதுங்கி நின்று எடுத்தேன். அவ்வளவு சுத்தமாக இருந்தது.

சரியாக இருபத்திரண்டாம் நாள் ஸ்டெல்லா போன் செய்தாள்.

“சார், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு வூட்ல இருப்போம். கொஞ்சம் வர்றீங்களா?”

“ஏதாவது லீக்காம்மா?”

“லீக்கெல்லாம் இல்ல. வாங்க.”

நன்றி சொல்லச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று முடிவு செய்தேன். வசந்தாவிடம் மதியம் எனக்குச் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை.

ஸ்டெல்லா இனிப்புப் பெட்டியை வாங்கி டீவி மேசையில் வைத்தாள். உள்ளே போய் ஒரு பிரஷ்ஷும், பவுடர் பாக்கெட்டும், ஒரு லுங்கியும் கொண்டுவந்தாள்.

“கழுவுங்க சார். நான் டைம் பாக்கறேன்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“விடு ஸ்டெல்லா, சாரு பெரிய மனுஷன்,” என்றார் லூர்து.

“பெரிய மனுஷன்தான். கையும் பெருசாத்தான் இருக்கும். அது கமோடுக்குப் பின்னால நொழையுதான்னு பாக்கட்டும்.”

லுங்கியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். என் குளியலறை. கதவைத் திறந்ததும், வேறு யாரோ கட்டியதைப் போல இருந்தது. எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் இருக்கும் உப்பு, கண்ணாடித் தடுப்பு முழுவதும் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைத் தேய்க்க மட்டும் பதினொரு நிமிடம் ஆனது. ஈரம் காய்ந்ததும் அது மறுபடி பூத்தது. மாடத்தின் மூன்று தட்டிலும் சோப்பு கரைந்து கூழாகி நின்றது. தட்டுகளைச் சமமட்டம் பார்த்துப் போட்டவன் நான். ரசமட்டம் வைத்து முனிராஜைப் பாடாய்ப் படுத்தியவனும் நான். துளியும் சாய்வு இல்லாததால் ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை.

இரண்டு அங்குல வரப்பு தரையோடு சேரும் மூலையில் பிரஷ் நுழையவில்லை. விரல் நகத்தால் சுரண்டினேன். கமோடின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே நான்கு அங்குலம் விட்டிருந்தேன். பிரஷ்ஷின் தலை ஐந்து அங்குலம். கையை விட்டேன். போன கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. முழங்கால் போட்டு, கன்னத்தைக் கமோடு மூடியின் மேல் வைத்து, சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கையை மீட்டுக்கொண்டேன்.

தரைதான் கடைசி. சொரசொரப்பு ஒவ்வொன்றிலும் சோப்பும் உப்பும் சேர்ந்து ஏடு போலப் படிந்திருந்தது. வழுக்காத டைல்ஸ், அதன் மேல் வழுக்கும் ஏடு. பிரஷ்ஷின் மயிர்தான் தேய்ந்தது.

வாசலில் நின்று ஸ்டெல்லா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “இதுவே காலைலன்னா, எங்க பஸ்ஸு போயி இருவது நிமிஷம் ஆச்சு சார்.”

நான் வெளியே வந்தபோது மொத்தம் நாற்பத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. லுங்கி மட்டுமல்ல, வெள்ளைச் சட்டையும் போயிருந்தது.

“மூணு நாளு தேய்க்காம வுட்டுப் பாத்தேன்,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. “நாலாம் நாளு அவரு ஸ்டூலுலேர்ந்து எந்திரிக்கறப்ப வழுக்கி, நீங்க வெச்ச கம்பியப் புடிச்சுத் தொங்கினாரு. அந்தக் கம்பிக்குப் புண்ணியம். தெனம் தேச்சா பஸ்ஸு போவுது, தேய்க்கலைன்னா இவரு போவாரு. போன வாரம் ஒரு வாட்டி லேட்டு. இன்னும் ஒண்ணுதான் சார் பாக்கி.”

லூர்து ஊன்றுகோலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சாக்குக்கோட்டுல எல்லாம் கரெக்டாத்தான் இருந்துச்சு,” என்றார் மெதுவாக.

“கோட்டுல ஏதுங்க அழுக்கு?” என்றாள் அவள்.

மைசூர்பாகுப் பெட்டியை அவர்கள் பிரிக்கவில்லை. நானும் வீட்டுக்குப் போய்ப் பழைய சோறு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை 371-ஆம் வரைபடத்தை எடுத்து, நானே நான்காக மடித்து, நஞ்சுண்டப்பாவின் டீ டம்ளருக்கு அடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நிதானமாக டீயைக் குடித்து முடித்தார்.

“உங்க மனேல பாத்ரூம் யாரு கழுவறது?” என்று கேட்டார்.

“வசந்தா சார்.”

“எத்தனை வருஷமா?”

“கல்யாணம் ஆன நாளா.”

“அவங்களை ஒரு நாளாவது மொட்டைமாடிக்குக் கூட்டிட்டு வந்தீங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன் இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்துப் பார்த்தார். எழுபதை நெருங்கும் கைகள். “நானும் கழுவினதில்லரீ,” என்றார். “ஒடிச்சிடுங்க. முதல்ல இருந்து மாடோணா, மறுபடி செய்யலாம். செலவு ஆபீஸோடது.”

ஸ்டெல்லா தன் மேலாளரிடம் கெஞ்சி இரண்டு வாரத்துக்கு இரண்டாம் ஷிப்ட் வாங்கினாள். அதற்கு மேல் கிடையாது. பதினைந்தாம் நாள் அவள் மறுபடி ஐந்து இருபது பஸ்ஸில் ஏற வேண்டும். அந்தப் பதினான்கு நாளுக்குக் குடும்பம் முழுவதும் பக்கத்து வீட்டில் குளிப்பது என்று ஏற்பாடு.

உடைப்பதற்கு முன் எனக்கு மூன்று நாள் தேவைப்பட்டது. அந்த மூன்று நாளும் என் வீட்டுக் குளியலறையை நானே கழுவினேன். ஒரு கையில் பிரஷ், ஒரு கையில் டேப், கதவுக்கு வெளியே நாட்குறிப்பு. எந்த மூலையில் எத்தனை வினாடி என்று குறித்தேன். மூன்றாம் நாள் வசந்தா வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, கழுவறீங்களா, சர்வே பண்றீங்களா?”

“இந்தக் கதவுக்குப் பின்னால இருக்கற மூலை ரொம்பக் கஷ்டமா இருக்கே, எப்படிக் கழுவுவே?”

“கழுவறதில்ல. இருவத்தாறு வருஷமா கதவைத் தொறந்தே வெச்சு மறைச்சிருக்கேன். நீங்க இன்னிக்குத்தான் பாக்கறீங்க.”

என் குறிப்பில் அதையும் சேர்த்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ஸ்டெல்லாவின் வீட்டில், அதே குளியலறைக்குள் வேலையைத் தொடங்கினோம். கமோடு, தடுப்பு, வரப்பு எல்லாவற்றையும் முனிராஜ் பெயர்த்துவிட்டிருந்தார். “ஏமி சார், மூணு வாரம் பாத்துப் பாத்து ஒட்டுனது, மூணு மணி நேரத்துல போச்சே,” என்று முனகிக்கொண்டே இருந்தார். வெறும் அறையில் அட்டைப் பெட்டிகளை வைத்து ஸ்டெல்லாவை உள்ளே விட்டோம். குளித்துக் காட்டச் சொல்லவில்லை. காய்ந்த பிரஷ்ஷால் கழுவிக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு பெட்டியையும் அவள் கை எட்டும் வரை நகர்த்தினோம்.

“இது எனக்கு எட்டாது சார். தள்ளுங்க. இன்னும். இங்க குனிஞ்சா நான் எந்திரிக்க அஞ்சு நிமிஷம் ஆவும்.”

ஹரிதா கேட்டது இதைத்தான் என்பதால், அன்று முடிவானதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பிரஷ்ஷை அளந்தேன். பிரஷ் நுழையாத இடைவெளி எங்கும் கூடாது. ஒன்று முழுதாக மூடு, இல்லை தாராளமாகத் திற. கமோடு தரையைத் தொடாமல் வெளிச்சுவரில் தொங்கியது. அடியில் ஒன்பது அங்குலம் காலி. தடுப்பும் வரப்பும் போயின. கதவிலிருந்து எதிர்ச்சுவர் வரை தரை முழுவதும் ஒரே சாய்வு, ஏழடிக்கு ஒன்றேகால் அங்குலம். எதிர்ச்சுவரை ஒட்டி நீளமாக ஒரு வடிகால்; அதன் மூடியைத் திருகாணி இல்லாமல் ஒரு விரலால் தூக்கலாம். தரையும் சுவரும் சேரும் மூலைகளை எல்லாம் கிண்ணத்தின் உட்புறம் போல வளைத்துப் பூசச் சொன்னேன். டைல்ஸ் சொரசொரப்பும் இல்லை, வழவழப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. கடையிலேயே அதன் மேல் சோப்பைக் கரைத்து ஊற்றிக் காலால் தேய்த்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாடத்தை அடைத்தோம். சோப்புக்கும் எண்ணெய்க்கும் கழற்றி எடுக்கும் கம்பிக் கூடை. லூர்து உட்காரப் பர்கூர் கிரானைட்டில் ஒரு பலகை, மூலையில் சுவருக்குள் செருகியது, கால் இல்லாதது. நான்கு சுவரும் எட்டும்படி நீளக் குழாயோடு ஒரு கை ஷவர். கைப்பிடிக் கம்பி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் நானும் லூர்தும் தவறு செய்திருக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் வேலை முடிந்தது. ஸ்டெல்லா ஒரு முறை கழுவிப் பார்த்தாள். ஒன்பது நிமிடம். அவள் பிரஷ்ஷைக் கொக்கியில் மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அதன் பிறகு எனக்கு அவளிடம் போன் செய்து கேட்கத் தைரியம் வரவில்லை. உப்பு மெதுவாகப் பூக்கும் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஒன்பது நிமிடம் பதினைந்தாகலாம், இருபதாகலாம். பஸ் காத்திருக்காது. தினமும் காலையில் ஐந்து இருபதுக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். படுத்தபடியே, இந்நேரம் தெருமுனையில் நிற்பாளா என்று நினைத்துக்கொள்வேன். ஒரு மாதம் முழுவதும் நாட்குறிப்பில் 371-க்கு நேராக எதுவும் எழுதவில்லை.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் இனிப்பு எதுவும் இல்லாமல், சொல்லாமல் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. ஸ்டெல்லா வீட்டில் இல்லை. அதுவே எனக்குப் பாதி உயிர் வந்தது போலிருந்தது. குளியலறைக்குள் தண்ணீர் சத்தம் கேட்டது.

லூர்து கிரானைட் பலகையில் உட்கார்ந்திருந்தார். குளித்து முடித்து, லுங்கியை மாற்றிக் கட்டியிருந்தார். இடது கையில் கை ஷவர், வலது கையில் நீளக் காம்பு வைத்த பிரஷ். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் கமோடின் அடியில் பிரஷ்ஷை விட்டு இழுத்தார். சுவரில் தண்ணீரை அடித்தார். மூலையின் வளைவில் ஒரு சுற்று சுற்றி, எல்லாவற்றையும் வடிகாலை நோக்கித் தள்ளினார். ஒவ்வொரு அளவையும் நான் ஸ்டெல்லாவின் கைக்கு எடுத்திருந்தேன். இவர் கழுவுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் அவரைக் குளிக்கிறவராக மட்டும்தான் உட்கார வைத்திருந்தேன்.

“நீங்களா கழுவறீங்க?” என்றேன்.

“வேற யாரு? அவ ரெண்டே நாளுதான் கழுவினா. உக்காந்த எடத்துலேயே எல்லாம் எட்டுதே, அப்புறம் அவ எதுக்குன்னு நானே எடுத்துக்கினேன். இந்த மாசம் ஒரு நாளும் பஸ்ஸு வுடல சார். சூப்பர்வைசருக்கே ஆச்சரியம்.”

பெருமையாகத் தரையைக் காட்டினார். எனக்கு அருகில் போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது. வளைவுகளில் உப்பு பூத்திருக்கிறதா, டைல்ஸ் இணைப்புகள் எப்படி இருக்கின்றன என்று. நாட்குறிப்பையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைக்கப் போனேன்.

“சார், சார், சார்!” என்று பிரஷ்ஷை நீட்டித் தடுத்தார் லூர்து. “தெருமண்ணு காலோட உள்ள வராதீங்க. இப்பத்தான் கழுவி வுட்டிருக்கேன். போயி அந்தச் சேர்ல உக்காருங்க. காஞ்சதும் கூப்புடறேன்.”

நான் போய் உட்கார்ந்தேன்.